‘ஆன்ட்டி ஸ்கிட்’ என்று பெட்டியில் இருந்தால் போதுமா? பாத்ரூம், சமையலறை டைல்ஸ் வாங்கும்முன் கேட்க வேண்டியவை

டைல்ஸ் கடைக்குப் போய் பாத்ரூம் தரைக்குக் காட்டச் சொன்னால், விற்பனையாளர் நேராக ஒரு மூலைக்கு அழைத்துப் போவார். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் அடுக்கி வைத்திருக்கும் டைல்ஸில் ஒன்றை உருவி நீட்டுவார். “தடவிப் பாருங்க சார், சொரசொரன்னு இருக்கா? ஆன்ட்டி ஸ்கிட். ஒண்ணும் ஆகாது.” தடவினால் சொரசொரவென்றுதான் இருக்கும். பெட்டியிலும் அப்படியே அச்சடித்திருக்கும். அதோடு அந்த விஷயம் முடிந்துவிடும். பேச்சு நிறத்துக்கும் சதுர அடி விலைக்கும் தாவிவிடும்.

ஆனால் கடையில் தடவியது உலர்ந்த கை. தடவப்பட்டது உலர்ந்த டைல்ஸ். வீட்டுக்கு வந்ததும் அதே டைல்ஸ் மேல் தண்ணீர் நிற்கும், சோப்பு நுரை படியும், ஈரக்கால் விழும். அந்தக் கால் 70 வயதுக்காரருடையதாகவும் இருக்கலாம்.

விழுவது சின்ன விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6.84 லட்சம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். உயிரிழப்பவர்களில் அதிகம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். வயதானவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் முறிவோடு போவதில்லை. படுக்கையில் கிடக்கும் நாட்களில் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தம் உறைதல் என்று ஒவ்வொன்றாக வரும். ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, அதுக்கப்புறம் எழுந்திரிக்கவே இல்ல’ என்ற வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் குறைவு.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு பெட்டியில் அச்சடித்த இரண்டு வார்த்தையை நம்பி விட்டுவிடலாமா?

தரை ஏன் வழுக்குகிறது?

பளபளப்பான டைல்ஸ் உலர்ந்திருந்தால் பெரும்பாலும் வழுக்காது. வெறுங்காலோடு நடந்தால் தோல் அதில் ஒட்டிக்கொள்வது போலக்கூட இருக்கும். தண்ணீர் விழுந்ததும் கதை மாறுகிறது. காலுக்கும் தரைக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் உருவாகி, கால் தரையைத் தொடாமல் அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது. மழை நாளில் தேய்ந்த டயர் சாலையில் சறுக்குவதும் இதேபோலத்தான்.

இந்தப் படலத்தைக் குத்திக்கொண்டு மேலே வர, டைல்ஸின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகள் இருக்க வேண்டும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிகியூட்டிவ், தண்ணீர் படும் தரைக்கு இந்த மேடு பள்ளம் 20 மைக்ரானுக்குக் குறையாமல் இருந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு என்கிறது. 10 மைக்ரானுக்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். 20 மைக்ரான் என்பது ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அதனால்தான் கண்ணால் பார்த்து ‘இது வழுக்காது’ என்று சொல்ல முடிவதில்லை. டிசைனுக்காகப் பெரிய பெரிய அலைகளோடு வரும் டைல்ஸில், ஒவ்வொரு அலையின் மேலும் வழவழவென்று கிளேஸ் பூசியிருந்தால் அது கைக்குச் சொரசொரப்பு, ஈரக்காலுக்கு வழுக்கல். ‘மேட்’ என்பதும் அப்படித்தான். மேட் என்றால் வெளிச்சத்தைப் பிரதிபலிக்காது, அவ்வளவுதான். மேட் டைல்ஸில் நன்றாகப் பிடிப்பதும் உண்டு, வழுக்குவதும் உண்டு.

சோப்புத் தண்ணீரும் எண்ணெயும் இன்னும் மோசம். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கால் அழுத்தும்போது அந்தப் படலம் சீக்கிரம் விலகாது. தண்ணீருக்குப் போதுமான சொரசொரப்பு எண்ணெய்க்குப் போதாது.

‘ஆர் 9’ என்றால் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் இல்லை

கொஞ்சம் விவரமான கடையாக இருந்தால், “இது ஆர் 9 ரேட்டிங் சார்” என்பார்கள். கேட்டதும் நல்ல மதிப்பெண் மாதிரி இருக்கும். உண்மையில் இந்த வரிசை தொடங்குவதே ஆர் 9-ல்தான். ஆர் 1, ஆர் 2 என்று எதுவும் கிடையாது. ஆர் 9 கடைசி பெஞ்ச். ஆர் 13 முதல் ரேங்க்.

இந்த எண் ஜெர்மனியின் டிஐஎன் 51130 என்ற தர அளவிலிருந்து வருகிறது. சோதனை வேடிக்கையாக இருக்கும். சாய்க்கக்கூடிய ஒரு மேடையில் டைல்ஸைப் பதித்து, அதன் மேல் மோட்டார் ஆயிலை ஊற்றுகிறார்கள். பாதுகாப்புக் கயிறு கட்டிய ஒருவர், வேலைக்குப் போடும் பூட்ஸோடு அதில் முன்னும் பின்னும் நடக்கிறார். மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறார்கள். எந்தக் கோணத்தில் ‘இனி முடியாது’ என்று கால் தடுமாறுகிறதோ, அதை வைத்துத்தான் தரம். 6 முதல் 10 டிகிரி வரை தாங்கினால் ஆர் 9. 10 முதல் 19 வரை ஆர் 10. 19 முதல் 27 வரை ஆர் 11. அதற்கு மேலே 12, 13.

அதாவது, ஆர் 9 டைல்ஸ் என்பது 10 டிகிரி சாய்வைக்கூடத் தாண்டாதது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் அது போதும். தினமும் தண்ணீர் கொட்டும் பாத்ரூமுக்கு ஆர் 10-க்குக் கீழே போக வேண்டாம். பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் ஆர் 11 கேட்பது நல்லது.

இன்னொரு விஷயம், இது பூட்ஸ் காலோடு செய்த சோதனை. நம் வீட்டு பாத்ரூமுக்குள் யாரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவதில்லை. வெறுங்காலுக்கு டிஐஎன் 51097 என்று தனி அளவு இருக்கிறது. அதே சாய்வு மேடைதான், ஆனால் நடப்பவர் வெறுங்காலோடு, சோப்பு கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் தரையில் நடப்பார். 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. உடை மாற்றும் அறை போன்ற, பெரும்பாலும் உலர்ந்திருக்கும் இடத்துக்கு ஏ. ஷவர், நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தரைக்கு பி. தண்ணீருக்குள் இறங்கும் படிகளுக்கு சி. குளிக்கும் இடத்துக்கு இந்த ‘பி’ இருக்கிறதா என்று கேட்பதுதான் சரியான கேள்வி. ஆர் எண்ணை வைத்து இந்த எழுத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் வேறு வேறு சோதனைகள்.

ஆனால் இந்த இரண்டு சோதனையுமே நம் வீட்டை முழுசாகப் பிடிக்கவில்லை. ஒன்றில் எண்ணெய் இருக்கிறது, வெறுங்கால் இல்லை. இன்னொன்றில் வெறுங்கால் இருக்கிறது, எண்ணெய் இல்லை. தீபாவளிக் காலையிலோ சனிக்கிழமையிலோ உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, அதே காலோடு பாத்ரூமுக்குள் நடந்து போய், சீயக்காய் தேய்த்துத் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறோமே, அதற்கு எந்த எழுத்தும் எண்ணும் கிடையாது. எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடு தேவைக்கு ஒரு படி மேலே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மேலைநாட்டு பாத்ரூமில் குளிக்கும் இடம் கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும். மீதித் தரை உலர்ந்திருக்கும். நம்மூரில் வாளி, மக், மொத்தத் தரையும் ஈரம். ஆகவே ‘ஷவர் பக்கத்துக்கு மட்டும் நல்ல டைல்ஸ், மீதிக்கு சாதாரணம்’ என்ற அவர்கள் கணக்கு இங்கே எடுபடாது. கதவிலிருந்து கதவு வரை ஒரே தரம் வேண்டும்.

எண்ணை எங்கே தேடுவது?

பெட்டியில் இருக்காது. டைல்ஸ் நிறுவனத்தின் இணையதளத்திலோ கேட்டலாக்கின் கடைசிப் பக்கங்களிலோ தொழில்நுட்ப விவரம் என்று ஒரு அட்டவணை இருக்கும். நம் நாட்டு டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. வெளிநாட்டுக்கும் அனுப்புகிற நிறுவனங்கள் இந்தச் சோதனைகளைச் செய்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அங்கே வாங்குபவர்கள் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை, அதனால் கடையில் யாரும் சொல்வதில்லை.

கேட்டால் சில சமயம் வேறு எண்ணைச் சொல்லிச் சமாளிப்பார்கள். ‘பிஇஐ 4 சார், ஹெவி டியூட்டி’ என்றால் அது தேய்மானத்துக்கான அளவு. எத்தனை பேர் நடந்தாலும் மேல்பூச்சு தேயாது என்று அர்த்தமே தவிர, வழுக்காது என்றில்லை. ‘வாட்டர் அப்சார்ப்ஷன் அரை சதவீதம்தான்’ என்றால், டைல்ஸ் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும் என்று சொல்கிறார்கள். அரை சதவீதத்துக்குள் இருந்தால் அது விட்ரிஃபைட் வகை, உறுதியானது. வழுக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுவருக்கு வாங்கியதில் மிச்சமான டைல்ஸைத் தரைக்குப் போடுவது மட்டும் கூடவே கூடாது. சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வகை. மேலே கண்ணாடி மாதிரி கிளேஸ் இருக்கும். தரையில் போட்டால் வழுக்கும், சீக்கிரம் உடையவும் செய்யும்.

எந்த எண்ணும் கிடைக்கவில்லையா? இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு சாம்பிள் வாங்கி வந்து வீட்டிலேயே பார்க்கலாம். நின்று பார்க்க வேண்டாம், அதுவே விபத்தாகிவிடும். டைல்ஸ் நகராமலிருக்கக் கீழே ஈரச் சாக்கையோ ரப்பர் மேட்டையோ விரித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் குதிகாலை அழுத்தி முன்னால் தள்ளிப் பாருங்கள். முதலில் தண்ணீர் மட்டும். பிறகு சோப்புத் தண்ணீர். கடைசியாகச் சில சொட்டு நல்லெண்ணெய். குதிகாலால் பார்ப்பதற்குக் காரணம், நடக்கும்போது முன்காலின் குதிகால் தரையைத் தொடுகிற நொடியில்தான் பெரும்பாலும் வழுக்குகிறது. மூன்று டைல்ஸுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பஞ்ச், ரஸ்டிக், சுகர் என்று கடைக்காரர் சொல்கிற ஃபினிஷ் பெயர்களைவிட இது நம்பகமானது. அந்தப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஹாலிலிருந்து சமையலறைக்குள் நுழையும் பளபளப்பு

பாத்ரூமுக்காவது ஆன்ட்டி ஸ்கிட் என்ற பேச்சு எழுகிறது. சமையலறைக்கு அதுவும் இல்லை. ஓப்பன் கிச்சன் வந்த பிறகு, ஹாலில் போட்ட நாலுக்கு ரெண்டு பளபள விட்ரிஃபைட் டைல்ஸ் அப்படியே சமையலறைக்குள்ளும் ஓடிவிடுகிறது. பார்க்க வீடு பெரிதாகத் தெரியும். ஆனால் தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், சிந்தும் இட்லி மாவு, அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் விழுவது அங்கேதான். கையில் கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரத்தோடு ஒருவர் வேகமாக நடப்பதும் அங்கேதான். பாத்ரூமில் வழுக்கினால் எலும்பு. சமையலறையில் வழுக்கினால் தீக்காயமும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டுச் சமையலறைக்கு ஆர் 10 மேட் போதுமானது. ஓட்டல் சமையலறைகளுக்கு ஜெர்மனியில் ஆர் 12 வரை கேட்கிறார்கள், நமக்கு அது தேவையில்லை. பல டிசைன்கள் ஒரே நிறத்தில் கிளாஸியாகவும் மேட்டாகவும் கிடைக்கின்றன. ஹாலுக்கு அது, சமையலறைக்கு இது என்று வாங்கினால் பார்வைக்கும் ஒட்டும். பாத்திரம் கழுவும், வாஷிங் மெஷின் வைக்கும் யூட்டிலிட்டி பகுதியைச் சமையலறையாக நினைக்காமல் பாத்ரூமாகவே நினைத்து டைல்ஸ் போடுவது நல்லது.

வாட்டம் சரியில்லை என்றால் எந்த டைல்ஸும் உதவாது

எவ்வளவு நல்ல டைல்ஸ் வாங்கினாலும் தண்ணீர் தேங்கினால் அதில் சோப்பு படியும், பாசி பிடிக்கும், பிறகு வழுக்கும். குளித்து முடித்த கால் மணி நேரத்தில் தரையில் தண்ணீர் நிற்கக் கூடாது. அதற்கு நானி டிராப்பை நோக்கி வாட்டம் வேண்டும். 4 அடிக்குச் சுமார் அரை அங்குலம் என்பது டைல்ஸ் மேஸ்திரிகள் பிடிக்கும் கணக்கு.

இங்கேதான் டைல்ஸின் அளவு முக்கியமாகிறது. நாலு பக்கமும் நடுவை நோக்கிச் சரிய வேண்டிய தரையில் சின்ன டைல்ஸ் எளிதாக வளைந்து கொடுக்கும். இரண்டடி, நாலடி டைல்ஸைப் போட்டால் மூலைவிட்டமாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் மேஸ்திரி வாட்டத்தைக் குறைத்துவிடுவார். ஒரு அடிக்கு ஒரு அடியோ, அதைவிடச் சின்னதோதான் பாத்ரூமுக்கு ஏற்றது. சின்ன டைல்ஸில் ஜாயின்ட் அதிகம் வரும், அந்த விளிம்புகளும் காலுக்குப் பிடிமானம் தரும். அந்தக் காலத்தில் சிமென்ட் தரை ஈரமாக இருக்கும்போதே நூலை அழுத்திக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்களே, அந்தக் கோட்டுக்கும் இதே பலன் உண்டு. இப்போது ஜாயின்டே தெரியக் கூடாது என்று கேட்பது ஃபேஷன். பாத்ரூம் தரையில் அந்த ஆசையை விட்டுவிடலாம். 2, 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, எபாக்ஸி கிரவுட் போட்டால் அழுக்கை உறிஞ்சாது. வெள்ளை சிமென்டைவிடச் செலவு கூடும், ஆனால் கறுத்துப் போகாது.

வேலை முடிந்ததும் ஒரு வாளி தண்ணீரை மூலைகளில் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மேஸ்திரிக்குக் கடைசித் தவணை அதற்குப் பிறகு.

அப்படியானால் இருப்பதிலேயே சொரசொரப்பானதை வாங்கிவிடலாமா?

வேண்டாம். ஆர் 12, ஆர் 13 எல்லாம் தொழிற்சாலைத் தரைக்கானவை. வெறுங்காலுக்கு உறுத்தும், குழந்தை விழுந்தால் முட்டி உரியும், மாப் போட்டால் நூல் மாட்டும். எல்லாவற்றையும்விட, அழுக்கு அந்தக் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் வைத்துத் தேய்க்கப் போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களோ வேலைக்கு வரும் அம்மாவோதான். டைல்ஸ் தேர்வு செய்கிறவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நியாயம்.

தேய்க்காமல் விட்டால் ஆன்ட்டி ஸ்கிட் டைல்ஸும் வழுக்கத் தொடங்கும். போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியம், சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் தரையில் ஒட்டும். அது மேடு பள்ளத்தை நிரப்பி வழவழப்பாக்கிவிடும். வாரம் ஒரு முறை பிரஷ் போட்டால் போதும். உப்பு நீர்க் கறைக்கு ஆசிட் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். ஆசிட், டைல்ஸுக்கு நடுவிலுள்ள சிமென்டை அரித்துவிடும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கு

பில்டர் தரும் விவரப் பட்டியலில் ‘டாய்லெட்: ஆன்ட்டி ஸ்கிட் செராமிக் டைல்ஸ், கிச்சன்: விட்ரிஃபைட் டைல்ஸ்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த வரிக்கு எந்தத் தரத்தையும் பொருத்திவிடலாம். ஒப்பந்தம் போடும் முன் அதில் ‘ஆர் 10’, ‘ஆர் 11’ என்று எண்ணைச் சேர்க்கச் சொல்லலாம். டைல்ஸ் இறங்கிய பிறகு பெட்டியில் இருக்கும் பெயரையும் எண்ணையும் நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பதித்த பிறகு கேட்டால் ‘உடைச்சுட்டு மாத்தணும் சார்’ என்பதுதான் பதிலாக வரும்.

ஏற்கெனவே பளபள டைல்ஸ் போட்டாச்சே, என்ன பண்றது?

முழுசாக உடைக்க வேண்டியதில்லை. பழைய டைல்ஸ் ஆட்டம் இல்லாமல் கெட்டியாக இருந்தால், அதன் மேலேயே டைல்ஸ் பசை கொண்டு புது டைல்ஸ் ஒட்டலாம். தரை உயர்ந்துவிடும் என்பதால் கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும், நானி டிராப்பின் வாயையும் உயர்த்த வேண்டும்.

அதற்கும் பணம் இல்லை என்றால், பரப்பை நுண்ணிய அளவில் அரித்துப் பிடிமானம் கொடுக்கும் ரசாயனப் பூச்சுகள் இருக்கின்றன. பளபளப்பு மங்கும், சில காலத்தில் பலனும் குறையும். மிச்சமிருக்கும் ஒரு டைல்ஸில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். உப்புத்தாள் மாதிரி இருக்கும் ஒட்டு டேப்புகள் இன்னும் மலிவு. குளிக்கும் இடத்திலும் கதவருகிலும் ஒட்டினாலே நல்ல மாற்றம் தெரியும். ரப்பர் மேட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடியில் உறிஞ்சு குமிழ் வைத்த மேட் வழவழப்பான தரையில்தான் ஒட்டும். சொரசொரப்பான டைல்ஸில் அதுவே வழுக்கிக்கொண்டு ஓடும். குளித்ததும் எடுத்துக் காயவைக்காவிட்டால் அடியில் வழவழப்பு சேரும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். தரையிலிருந்து இரண்டே முக்கால் முதல் 3 அடி உயரத்தில், சுவரில் ஆழமாக ஆங்கர் போட்டுப் பொருத்த வேண்டும். புது அடுக்குமாடிகளில் சுவர் லேசான பிளாக் கல்லாக இருந்தால் அதற்கென்று தனி ஆங்கர் உண்டு. டவல் கம்பி அந்த வேலைக்கு ஆகாது. துண்டைத் தாங்கத்தான் அதைப் பொருத்தியிருப்பார்கள், ஆள் எடையைப் பிடித்தால் கையோடு வந்துவிடும்.

டைல்ஸ் வேலைக்கு ஆள் வரும்போதே பாத்ரூம் கதவையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பெரும்பாலான வீடுகளில் அது உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி வைப்பதும், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுவதும் தச்சருக்கு அரை நாள் வேலை.